இரண்டுங்கெட்டான் கோழிக்கு ஒரு வக்காலத்து

வீட்டுத் தோட்டத்தில் நாலு கோழி விடலாம் என்று நினைப்பவருக்குக் கிடைக்கும் யோசனை அநேகமாக இரண்டே வகைதான். வளர்ப்பதென்று முடிவெடுத்த பிறகு சுத்தமான நாட்டுக்கோழியாகப் பார்த்து வாங்குங்கள் என்பது ஒன்று. நாமக்கல் பண்ணைகளில் வருஷத்துக்கு முந்நூறு முட்டை போடும் வெள்ளைக்கோழி இருக்கிறது, அதில் மூன்றை வாங்கி விட்டால் வீட்டில் முட்டைக்குப் பஞ்சமே வராது என்பது மற்றொன்று. இந்த இரண்டு கட்சிக்கும் நடுவே ஒரு கோழி இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள மத்தியக் கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய கிராமப்பிரியா, வனராஜா, நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி, கேரளத்து மண்ணுத்தியிலிருந்து வந்த கிராமஸ்ரீ, கிராமலட்சுமி எல்லாம் அந்த வகை. நாட்டுக்கோழிப் பிரியர்கள் இவற்றைக் கலப்படம் என்று ஒதுக்குகிறார்கள். பண்ணைக்காரர்கள் கணக்குக்கு உதவாத கோழி என்று சிரிக்கிறார்கள். முட்டைக்காகக் குடும்பத் தோட்டத்தில் கோழி வளர்ப்பவருக்கு இந்த இரண்டுங்கெட்டான் கோழியே பொருத்தமானது என்பது என் கட்சி.

முதலில் தேவை என்ன என்று பார்ப்போம். நாலு பேர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு இரண்டு முட்டை கிடைத்தால் குறையில்லை. ஆண்டுக்கு 730 முட்டை. நாட்டுப்பெட்டை ஓர் ஈத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டு நிறுத்தும். ஆண்டுக்கு மூன்று, நான்கு ஈத்து என்று வைத்தாலும் அறுபது முட்டைக்கு மேல் தேறாது. ஆக அந்த 730க்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பெட்டைகளாவது வேண்டும். கிராமப்பிரியா போன்ற கோழி புறக்கடையில் மேய்ந்தபடியே 150க்கு மேல் இடும்; ஐந்து போதும். முந்நூறு இடும் கோழி என்றால் மூன்றே போதும் என்று காகிதக் கணக்கு சொல்லும். பன்னிரண்டுக்கும் ஐந்துக்கும் உள்ள வித்தியாசம் சிறியதல்ல. மூன்று சென்ட் மனையில் வீடு போக மிஞ்சிய கொல்லைப்புறத்தில் ஐந்து கோழி மேயலாம். பன்னிரண்டு கோழி மேய்ந்தால் கீரைப்பாத்தியும் மிஞ்சாது, பக்கத்து வீட்டாரின் பொறுமையும் மிஞ்சாது. ஐந்துக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசமோ அந்த அளவுக்குப் பெரிதல்ல. அதற்காக என்ன விலை கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நாட்டுப்பெட்டை முட்டை குறைவாக இடுவது சோம்பலால் அல்ல. அதன் உடம்பு முட்டைக்காக அமைந்ததல்ல, குஞ்சுக்காக அமைந்தது. ஒரு கூடை நிறைய முட்டை சேர்ந்ததும் அதற்கு அடை வந்துவிடும். கூடையை விட்டு இறங்காது. கை வைத்தால் சிலிர்த்துக்கொண்டு உறுமும். அடிவயிற்று இறகு உதிர்ந்து, முட்டை தோலோடு தோலாக ஒட்டி வெப்பம் பெறும். நாளுக்கு ஒரு தடவை எழுந்து அவசரமாக நாலு பருக்கை பொறுக்கி, தண்ணீர் குடித்து, மொத்தமாக ஒரு எச்சம் போட்டுவிட்டுத் திரும்ப ஓடி உட்காரும். இருபத்தொரு நாள் அடை, அதன்பிறகு இரண்டு மூன்று மாதம் குஞ்சுகளை இறக்கைக்குள் வைத்துப் பருந்துக்கும் காக்கைக்கும் காட்டாமல் வளர்ப்பது. இத்தனைக்குப் பிறகுதான் அடுத்த ஈத்து. அந்த மூன்று, நான்கு மாதமும் வீட்டில் முட்டை இல்லை. அடையைக் கலைப்பதற்கு நம் ஊர்களில் தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகைச் செருகிவிடுவது என்று ஏதேதோ வைத்தியம் உண்டு. தாய்மைக்கென்றே பிறந்த பிராணியை முட்டைக்காக வாங்கிவிட்டு, அது தாயாகும்போது மூக்கில் குத்துவது நியாயமாகப் படவில்லை. குஞ்சு பொரித்துப் பெருக்க வேண்டும், சேவலை விற்க வேண்டும் என்பவருக்கு நாட்டுக்கோழியை மிஞ்ச ஆளில்லை. முட்டைக்கு மட்டும் வளர்ப்பவரின் கோழி அது அல்ல.

இனி வெள்ளைக்கோழி. இத்தாலியின் லிவோர்னோ துறைமுகப் பெயரால் லெக்ஹார்ன் ஆன இனத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வந்தவைதான் இன்று நாமக்கல் கூண்டுகளில் நிற்பவை. அவை முந்நூறு முட்டை இடுவது உண்மை. ஆனால் அந்த முந்நூறு கோழியின் குணம் மட்டுமல்ல, கொட்டகையின் குணமும்கூட. முட்டைக்கோழிக்கு நாளுக்குப் பதினாறு மணி நேர வெளிச்சம் வேண்டும் என்பதால் பண்ணைகளில் விடியலுக்கு முன்பும் இருட்டிய பின்பும் பல்பு எரிகிறது. தமிழ்நாட்டில் மார்கழிப் பகல் பதினொன்றரை மணி நேரத்தை ஒட்டியது; ஆனி மாதத்திலும் பதின்மூன்றை எட்டாது. தோட்டத்துக் கோழிக்கு யாரும் பல்பு போடுவதில்லை. அடுத்தது தீவனம். நாளுக்கு 110 கிராம் அளவில், புரதமும் சுண்ணாம்பும் அளந்து சேர்த்த முட்டைக்கோழித் தீவனம் தவறாமல் விழ வேண்டும். தவிடும் சோற்றுப் பருக்கையும் கரையானும் தின்று அது முந்நூறு இடாது. அதாவது மூன்று கோழி போதும் என்ற காகிதக் கணக்கு, கொல்லைப்புறத்தில் நிற்காது.

முட்டை ஓட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஓட்டுக்குச் சுமார் இரண்டு கிராம் கால்சியம் வேண்டும். ஓடு கட்டுவதற்கு மட்டும் கோழியின் கருப்பைக்குள் இருபது மணி நேரம் பிடிக்கிறது, அதுவும் பெரும்பகுதி இரவில், இரை எடுக்காத நேரத்தில். குடலில் வருவது போதாதபோது எலும்பிலிருந்து உருவி ஓடு கட்டுகிறது. ஒரு கோழியின் எலும்புகளில் இருக்கும் மொத்தக் கால்சியம் ஏறத்தாழ 20 கிராம். முந்நூறு முட்டைக்கு 600 கிராம் வெளியே போகிறது. பண்ணையில் கிளிஞ்சல் தூளும் தாது உப்பும் கலந்து இந்தக் கடனை அடைக்கிறார்கள். அப்படியும் நெஞ்செலும்பு முறிவு நவீன முட்டைக்கோழிகளிடம் மிகப் பரவலாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஓர் ஏ4 தாளைவிடச் சிறிய இடத்தில் நிற்கும் கோழிக்கு எலும்பு பலவீனம் என்றால் காரணம் கூண்டுதானே என்று கேட்கலாம். கூண்டு ஒரு காரணம்தான். கூண்டில்லாமல் வளர்த்த கோழிகளிடமும் இந்த முறிவு மிகுதியாகவே காணப்படுகிறது; ஓயாமல் முட்டையிடும் உடம்பு எங்கே இருந்தாலும் அந்தக் கடனைச் சுமக்கிறது. எழுபது, எண்பது வாரத்தில் அதைக் கழித்துவிட்டுப் புதுக்கோழி ஏற்றும் பண்ணைக்கு இது ஒரு செலவு. குழந்தைகள் பெயர் வைத்துக் கூப்பிடும் வீட்டுக்கு அது வேறு விதமான பிரச்சினை.

நடுவில் நிற்கும் கோழியைப் புரிந்துகொள்ள, அதை எதற்காக உருவாக்கினார்கள் என்று பார்க்க வேண்டும். புறக்கடையில் மேய வேண்டும். பருந்தின் கண்ணில் பளிச்சென்று படாத வண்ண இறகு வேண்டும். நாய் துரத்தினால் ஓடுவதற்குக் காலில் நீளம் வேண்டும். அடையில் உட்கார்ந்து நாளைக் கழிக்கக் கூடாது. ஆனால் மேய்ச்சலும் கைப்பிடித் தானியமும் தாங்கும் அளவுக்குமேல் முட்டைக்கு ஆசைப்படவும் கூடாது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு வெவ்வேறு வரிசைகளைக் கலந்து எடுத்ததுதான் கிராமப்பிரியா. வனராஜா இறைச்சிப் பக்கம் சாய்ந்திருக்கிறது. முட்டை நூறு, நூற்றுப்பத்துதான். தீனி கூடினால் கொழுத்துப்போய் அதுவும் குறையும். ஆகையால் முட்டைக்கு மட்டும் என்றால் என் ஓட்டு கிராமப்பிரியாவுக்கு. அது கிடைக்காத இடத்தில் நந்தனம் கோழியோ, கேரள எல்லையோரம் என்றால் கிராமஸ்ரீயோ. இந்த யோசனை நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1990களில் வினோத் கபூரின் கெக்ஃபார்ம்ஸ் நிறுவனம் இதே நோக்கத்தில் உருவாக்கிய குரோய்லர் கோழியை 2010ஐ ஒட்டி உகாண்டாவுக்குக் கொண்டுபோய் அங்கத்து நாட்டுக்கோழிகளோடு ஒரே முற்றத்தில் மேயவிட்டுப் பார்த்தார்கள். அதே மேய்ச்சலில் எடையும் முட்டையும் குரோய்லரிடமே அதிகமாக இருந்தன. புறக்கடையில் எது தேறும் என்பதைப் புறக்கடையிலேயே அளந்து பார்த்தது அந்த முயற்சியின் சிறப்பு.

சாதுவான கோழி எது என்பது அடுத்த கேள்வி, குழந்தை உள்ள வீட்டில் இதுதான் முதல் கேள்வியாகவும் இருக்கும். லெக்ஹார்ன் இயல்பிலேயே மிரளும் இனம். கதவு சாத்தும் சத்தத்துக்குக்கூட மொத்தமாகச் சிதறிப் பறக்கும்; உடம்பு லேசானதால் மதிலையும் தாண்டும். அசீல் எனப்படும் சண்டைக்கோழி வகை மனிதரிடம் அடங்கி நிற்கும், ஆனால் இன்னொரு கோழியிடம் அடங்காது, முட்டையும் சொற்பம். கனமான, பழுப்பு முட்டையிடும் இனங்களின் ரத்தம் கலந்தவை பொதுவாக நிதானமானவை. ரோட் ஐலண்ட் ரெட், ஆஸ்ட்ரலார்ப் இரண்டும் அப்படிப்பட்டவை. ஆஸ்திரேலியாவில் 1922-23இல் நடந்த முட்டைப் போட்டியில் ஆறு ஆஸ்ட்ரலார்ப் பெட்டைகள் 365 நாளில் 1,857 முட்டை இட்டதை இன்றும் சொல்வார்கள். சாதுத்தனமும் முட்டையும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். மண்ணுத்தியின் கிராமலட்சுமியில் அந்த ஆஸ்ட்ரலார்ப்பும் லெக்ஹார்னும் கலந்திருக்கின்றன. குணத்தில் இனத்துக்கு ஒரு பங்கு உண்டென்றால் கைக்கும் ஒரு பங்கு உண்டு. ஆறு வாரத்துக்குள் தினமும் கையில் தீனி தின்று பழகிய குஞ்சு, வளர்ந்த பிறகு காலைச் சுற்றி வரும். பெட்டியிலிருந்து எடுத்துத் தோட்டத்தில் வீசிவிட்டுப் போனது எந்த இனமாக இருந்தாலும் ஆளைக் கண்டால் ஓடும்.

என் கட்சிக்கு முதலில் வரும் மறுப்பு ருசியையும் சத்தையும் பற்றியது. நாட்டுக்கோழி முட்டை மருந்து, மற்றதெல்லாம் வெறும் முட்டை என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரோடியிருக்கிறது. மஞ்சள் கருவின் அடர்நிறம் இனத்தால் வருவதல்ல. புல், கீரை, மக்காச்சோளம் ஆகியவற்றில் உள்ள நிறமிகளால் வருவது. கொல்லையில் முருங்கைக்கீரையைக் கொத்தித் தின்னும் கிராமப்பிரியாவின் கருவும் ஆரஞ்சாகத்தான் இருக்கும். ஓட்டின் நிறம் வெறும் பரம்பரை விஷயம், உள்ளே இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கடையில் பழுப்பு முட்டையைக் கண்டதும் நாட்டு முட்டை என்று இரட்டை விலை கொடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். பண்ணையில் கூண்டுக்குள் வளரும் பழுப்பு முட்டைக் கோழிகளும் உண்டு. இந்த மருத்துவ மோகத்தின் உச்சம் கருங்கோழி. மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத் 2018இல் புவிசார் குறியீடு பெற்ற நல்ல இனம். அந்த மலைப்பகுதிப் பழங்குடியினரின் சொத்து. அதைக் கொண்டுவந்து குஞ்சு ஒன்றுக்கு இத்தனை ரூபாய் என்று சர்வரோக நிவாரணி ரேஞ்சில் விற்பதைப் பார்க்கும்போது, ஈமு கோழி வளர்ப்பை நம்பிப் பெருந்துறைப் பக்கம் பணம் போட்டு 2012இல் அதை இழந்து நின்றவர்களின் ஞாபகம் வருகிறது. வீட்டு முட்டைக்காகக் கடக்நாத் வாங்குவதில் பொருளில்லை. அதன் முட்டையும் ஆண்டுக்கு நூறை ஒட்டித்தான்.

இரண்டாவது மறுப்பு கனமானது. கலப்புக்கோழியை வாங்கினால் ஒவ்வொரு தடவையும் குஞ்சுக்கு யாரிடமாவது கை நீட்ட வேண்டும். அதன் முட்டையைப் பொரிக்க வைத்தாலும் அடுத்த தலைமுறையில் குணம் சிதறிவிடும். விதையைக் கம்பெனியிடம் இழந்த உழவன் கதைதானே இதுவும் என்று கேட்கிறார்கள். குணம் சிதறும் என்பது சரிதான். இந்தக் கோழிகள் அடைக்கும் உட்காராது. ஆனால் ஐந்து கோழி வளர்க்கும் குடும்பம் தன் இனத்தைத் தானே பெருக்கியாக வேண்டிய அவசியம் என்ன? மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து குஞ்சு வாங்குவது அடிமைத்தனம் ஆகாது. விற்பவை அரசுப் பல்கலைக்கழகங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் என்பதால் இதை விதைக் கம்பெனியோடு ஒப்பிடுவதும் பொருந்தாது. நாட்டு இனங்கள் அழிந்துவிடக் கூடாது என்ற கவலை எனக்கும் உண்டு. சிறுவிடை, பெருவிடை வகைகளைக் காக்க வேண்டியது இடமும் நல்ல சேவலும் கொண்ட வளர்ப்பாளர்களால்தான். நகரத்துக் கொல்லையில் சேவலே இல்லாமல் நிற்கும் நாலு நாட்டுப்பெட்டைகளால் எந்த இனமும் காப்பாற்றப்படப் போவதில்லை. இடம் இருந்தால் ஐந்து கிராமப்பிரியாவோடு ஒரே ஒரு சிறுவிடைப் பெட்டையைச் சேர்த்து விடுவதை நான் ஆதரிப்பேன். வாங்கி வந்த ஒருநாள் குஞ்சுகளை அது அடையில் இருக்கும் சமயமாகப் பார்த்து இரவில் அதன் அடியில் வைத்துவிட்டால், மறுநாள் காலையில் பெரும்பாலும் தன் குஞ்சுகளாகவே அவற்றைக் கூட்டிக்கொண்டு போகும். குஞ்சுக்குச் சூடு காட்ட அறுபது வாட் பல்பு செய்ய வேண்டிய வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

கடையில் மலிவாக முட்டை கிடைக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்பாரும் உண்டு. மூட்டைத் தீவனத்தை மட்டும் போட்டு வளர்த்தால் வீட்டு முட்டை பண்ணை முட்டையைவிட மலிவாக முடியாது. அதில் வாதமே இல்லை. மலிவு வேண்டும் என்பவர் கடைக்கே போகலாம். ஆனால் குருணையும் தவிடும் காய்கறித் தோலும் மிச்சச் சோறும் பூச்சி புழுவும் தீனியில் பாதியை ஈடுகட்டும் இடத்தில் கணக்கு மாறும், எருவும் சேரும். அந்த மேய்ச்சலைப் பயன்படுத்தத் தெரிந்த கோழியாக இருக்க வேண்டும் என்பதால்தான் இனத்தைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது. கிளிஞ்சலோ, காயவைத்து நொறுக்கிய முட்டை ஓடோ ஒரு கிண்ணத்தில் தனியாக இருந்தால் போதும். வேண்டியதைக் கோழியே எடுத்துக்கொள்ளும். வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு மட்டும் எந்த இனமும் விலக்கல்ல. நாட்டுக்கோழிக்கு நோய் வராது என்று சொல்லிக்கொண்டே கோடைதோறும் கோழிகளை மொத்தமாகப் புதைக்கும் ஊர்கள் உண்டு. கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி கிடைக்கிறது. எட்டு வாரத்தில் போடும் ஊசியைத் தவறவிட்டால் இனத்தேர்வு பற்றிய இந்த வாதம் முழுவதும் வீண்.

என் வாதத்தில் ஓட்டை ஒன்று இருக்கிறது என்றால் அது கோழியில் இல்லை, அதை விற்கும் முறையில் இருக்கிறது. அரசுப் பொரிப்பகங்களில் கிடைப்பது பெரும்பாலும் ஒருநாள் குஞ்சு, அதுவும் பெட்டை சேவல் பிரிக்காமல். பத்து வாங்கினால் ஏறக்குறைய ஐந்து சேவலாக நிற்கும். முட்டையிடுவதற்குச் சேவல் தேவையில்லை. விடியற்காலை நாலு மணிக்கு அது கூவினால் தெருவே எழுந்து சண்டைக்கு வரும். ஆறு வாரம் வரை குஞ்சுக்குச் சூடு காட்டி, கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பூனையிடமிருந்து காப்பாற்றத் தெரியாத குடும்பம் பாதியை இழந்துவிட்டு, கலப்புக்கோழி நிற்காது, நாட்டுக்கோழிதான் சரி என்ற முடிவுக்கு வருகிறது. தோற்றது இனம் அல்ல, முதல் ஆறு வாரம். புறக்கடைத் திட்டங்களில் குஞ்சுகளை வளர்த்துக் கொடுக்கும் தாய் அலகுகள் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளவைதான். அங்கே எட்டு வாரம் வளர்ந்து, கொண்டையைப் பார்த்தே பெட்டை என்று பிரித்தெடுத்து, ஊசி போட்ட கோழிகளை ஐந்து ஐந்தாக நகரத்துக் குடும்பங்களுக்கும் விற்க ஏற்பாடு செய்தால் கூடுதல் விலை கொடுத்து வாங்க ஆட்கள் இருக்கிறார்கள். பிரித்த சேவல்களைக் கறிக்கு வளர்ப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மாவட்டத்துக்கு ஓரிடத்தில் மாதம் ஒரு நாள் என்று ஆரம்பித்தால்கூடப் போதும். கால்நடைப் பராமரிப்புத் துறை இதற்காகப் புதிதாக எந்தக் கோழியையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.